"எல்லா வசதியும் இருக்கு சார்" என்று விற்பவர் சொன்னால் என்ன கேட்பது?

குடியாத்தம் வாசகர் ஒருவரின் கேள்வி, 3 ஜூன் 2025

என் பொண்ணுக்குப் பிறவியிலிருந்தே பார்வை ரொம்பக் குறைவு. பிளஸ் டூ முடிச்சிட்டா, வேலூரில் பி.ஏ. சேரப் போறா. லேப்டாப்பும் போனும் வாங்கணும். கடையில் கேட்டா "எல்லா வசதியும் இருக்கு சார், தாராளமா எடுத்துட்டுப் போங்க"ன்றாங்க. கம்பெனி வெப்சைட்டில் சக்கர நாற்காலி படம் போட்டு, "மாற்றுத்திறனாளிகளுக்கு முழுமையாக ஏற்றது"னு ஒரு வரி இருக்கு. நான் தறி ஓட்டறவன், இதையெல்லாம் எப்படிச் சரிபார்ப்பேன்? பெரிய கம்பெனி, சும்மா சொல்ல மாட்டாங்கன்னு நினைக்கறேன். சரிதானே?

3 ஜூன் 2025, இரவு

அண்ணா, அந்த ஒரு வரியை நம்பிப் பணம் கட்டாதீங்க. அது பொய்யாத்தான் இருக்கணும்னு இல்லை. உங்க பொண்ணுக்குப் பயன்படற சேதி அதில் எதுவுமே இல்லை, அதுதான் சிக்கல்.

எனக்குப் பார்வை கிடையாது. திரையில் இருக்கறதைப் படிச்சுச் சொல்ற மென்பொருளை வெச்சு காட்பாடியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பண்றேன். உங்க பொண்ணுக்குக் கொஞ்சம் பார்வை இருக்கு. எழுத்தைப் பெருசாக்கி, கறுப்புப் பின்னணியில் வெள்ளையா வெச்சுப் படிப்பா. எனக்கு நல்லா ஓடற ஆப்பில் எழுத்தைப் பெருசாக்கினா பாதி வரி திரைக்கு வெளியே போயிடலாம். அவளுக்கு வசதியான ஆப் எனக்குப் பேசாமலே இருக்கலாம். "முழுமையாக ஏற்றது"ங்கற வரி எங்க ரெண்டு பேரையும் ஒரே ஆளாக்கிடுது.

விக்கறவங்க சொல்ல வேண்டியது நாலு. யாருக்கு, எந்தக் கருவியோட, எந்த வேலை முடியுது, எந்த வேலை முடியலை. நாலாவதைச் சொல்லாதவங்க மத்த மூணையும் சோதிச்சிருக்க மாட்டாங்கன்னுதான் நான் எடுத்துக்கறேன்.

4 ஜூன் 2025, காலை

கடையிலேயே பார்க்கக்கூடியதை முதல்ல சொல்லிடறேன். பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க. லேப்டாப்பில் விண்டோஸ் விசையோட கூட்டல் குறியை அழுத்தினா பெருசாக்கிக் காட்டற வசதி வரும். கல்லூரி விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து, பெருசாக்கி வெச்சு, அவளே பேரும் தேதியும் நிரப்பிப் பார்க்கட்டும். கண்ணாடி மாதிரி பளபளக்கற திரையா, மங்கலான திரையான்னு பாருங்க. நம்ம ஊர் வெயிலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தா பளபளக்கற திரையில் கண்ணு கூசும்னு குறைபார்வை உள்ள நண்பர்கள் எல்லாரும் சொல்றாங்க. விளம்பரத்தில் செயலி வேகம் இருக்கும், நினைவகம் இருக்கும், இது மட்டும் சின்ன எழுத்தில் எங்கேயோ இருக்கும்.

போனில் செட்டிங்ஸுக்குள்ளே அணுகல்தன்மைங்கற பகுதியைத் திறந்து திரையில் இருக்கறதைப் படிச்சுச் சொல்ற டாக்பேக்கை ஆன் பண்ணச் சொல்லுங்க. இப்ப தேவைப்படலைன்னாலும் கண் களைச்சுப் போற நேரத்தில் கேட்டுப் படிக்கலாம். தமிழில் பேசுதான்னு அங்கேயே கேட்டுடுங்க. லேப்டாப்பில் அதே வேலைக்கு என்விடிஏங்கற மென்பொருள் இருக்கு. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ரெண்டு பேர் தொடங்கினது, இலவசம், தமிழும் படிக்கும். அதுக்காக யாராவது பணம் கேட்டா குடுக்காதீங்க.

4 ஜூன் 2025, இரவு

காலையில் எழுதினது வாங்கறவங்க செய்ய வேண்டிய வேலை. ஆனா இந்தப் பாரம் ஏன் வாங்கறவங்க தலையில் விழணும்? குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறி வந்து, கடைக்காரர் பொறுமை தீர்றதுக்குள்ளே ஒரு அப்பாவும் பொண்ணும் சோதிச்சு முடிக்கணும்னா, தயாரிச்சவங்க என்ன வேலை பார்த்தாங்க?

எங்க கல்லூரி நூலகத்துக்கு மின்னூல் மென்பொருள் விக்க ஒரு கம்பெனி ஆள் வந்தார். "ஃபுல்லா ஆக்சசிபிள் சார், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களே வாங்குது"ன்னார். பெரிய திரையில் அழகா காட்டினாராம். பக்கத்தில் இருந்தவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும், ஏன்னா அவர் வாயால் சொன்னதெல்லாம் "இங்கே கிளிக் பண்ணா இப்படி வரும்" மட்டும்தான். மவுஸை எடுத்து ஓரமா வெச்சிட்டு விசைப்பலகையால் மட்டும் ஒரு புத்தகத்தைத் தேடி, திறந்து, அடுத்த பக்கத்துக்குப் போய்க் காட்டுங்கன்னு கேட்டேன். தேடற பெட்டி வரைக்கும் வந்தார். முடிவுகள் பட்டியலுக்குள்ளே நுழைய முடியலை. அவர் கெட்டவர் இல்லை. அவருக்குத் தலைமை அலுவலகம் குடுத்த தாளில் அந்த ஒரு வார்த்தைதான் இருந்தது, அதை நம்பித்தான் அவரும் சொன்னார். விக்கற ஆளுக்கே உண்மை போய்ச் சேரலைன்னா எங்களுக்கு எப்படி வரும்?

அன்னிக்கு அவர் "தேடல் பட்டியல் விசைப்பலகையில் வேலை செய்யாது, ஆனா நூலகர் நேரடி இணைப்பு அனுப்பினா புத்தகத்தை முழுசா படிக்கலாம்"னு சொல்லியிருந்தா, வாங்கலாம்னே நான் எழுதிக் குடுத்திருப்பேன்.

7 ஜூன் 2025

ஆற்காடு வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தார்: கம்பெனிங்க இதையெல்லாம் எழுதறதுக்கு ஒரு முறை இருக்கா?

இருக்கு. விபேட்னு ஒரு படிவம். அமெரிக்காவில் தகவல் தொழில்நுட்பக் கம்பெனிகள் சங்கம் வெளியிடறது. அமெரிக்க மத்திய அரசு அலுவலகங்கள் வாங்கற தொழில்நுட்பம் எல்லாருக்கும் பயன்படணும்னு அங்கே 508வது பிரிவுன்னு ஒரு சட்டப் பிரிவு இருக்கு. அதுக்காக நிரப்ப ஆரம்பிச்சது இப்ப உலகம் பூரா பழக்கமாயிடுச்சு. இணையப் பக்கம் எல்லாருக்கும் பயன்பட என்ன செய்யணும்னு சொல்ற டபிள்யூ.சி.ஏ.ஜி. பட்டியலில் இருக்கற அளவுகோல் ஒவ்வொண்ணுக்கும் எதிரே நாலில் ஒரு பதில் போடணும்: ஆதரிக்கிறது, ஓரளவு ஆதரிக்கிறது, ஆதரிக்கவில்லை, பொருந்தாது. பக்கத்தில் குறிப்புக்குன்னு ஒரு பத்தி.

நான் அந்தக் குறிப்புப் பத்தியைத்தான் முதல்ல படிப்பேன். அது முழுக்கக் காலியா இருந்து, எல்லா வரிசையிலும் "ஆதரிக்கிறது"ன்னு வந்தா, யாரோ ஒருத்தர் உட்கார்ந்து நகல் எடுத்து ஒட்டியிருக்காங்கன்னு அர்த்தம். "சந்தா புதுப்பிக்கும் பக்கத்தில் நாள்காட்டியை விசைப்பலகையால் திறக்க முடியாது, தேதியை நேரடியாகத் தட்டச்சு செய்யலாம்"னு ஒரே ஒரு வரி இருந்தாலும் அந்தக் கம்பெனி மேல எனக்கு மரியாதை வந்துடும். அங்கே உண்மையிலேயே யாரோ ஓட்டிப் பார்த்திருக்காங்க.

ரெண்டாவது, தேதியும் பதிப்பு எண்ணும். இப்ப விக்கறது எட்டாம் பதிப்பு, அறிக்கை அஞ்சாம் பதிப்புக்குன்னா அந்தத் தாளை வெச்சு என்ன பண்றது?

மூணாவது, எதை வெச்சு சோதிச்சாங்கங்கறது. "திரை படிப்பான்களுடன் இயங்கும்"னு பொதுவா எழுதறாங்க. எந்தத் திரை படிப்பான், எந்த உலாவி, எந்த மொழிக் குரல்? தமிழ்க் குரலில் யாராவது ஓட்டிப் பார்த்தாங்களா? பட்டன் பேரெல்லாம் ஆங்கிலத்திலேயே இருந்தா தமிழ்க் குரல் அதைப் படிக்கற விதத்தில் "சப்மிட்" எது "சேவ்" எதுன்னு பிரிக்கறதே கஷ்டம். தமிழ்நாட்டில் விக்கறவங்க அதையும் சொல்லணும்.

8 ஜூன் 2025

நேத்து எழுத விட்டது. அந்த அறிக்கையையே நாங்க படிக்க முடியணும். எனக்கு வந்த அறிக்கைகளில் சிலது அச்சடிச்சு, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் பண்ணின பிடிஎஃப். என் மென்பொருளுக்கு அது வெறும் படம், உள்ளே எழுத்தே இல்லைங்குது. பார்வையற்றவங்களுக்கு எல்லாம் சரியா இருக்குன்னு சொல்ற தாளைப் பார்வையற்றவன் படிக்க முடியலை.

தமிழில் இன்னொரு தொல்லை. உள்ளூர் டீலர்கள் தமிழ் விளம்பரத் தாளை இன்னமும் பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடிச்சு அனுப்பறாங்க. கண்ணுக்குத் தமிழாத் தெரியும். உள்ளே இருக்கறது ஆங்கில எழுத்து. "தமிழ்"ங்கறது எனக்கு "ஜே கே பி ஓ செமிகோலன்"னு கேட்கும். எல்லாக் கருவியும் தமிழைத் தமிழாவே புரிஞ்சுக்கற யூனிகோடு முறையைத் தமிழக அரசு 2010லேயே ஏத்துக்கிச்சு. விக்கறவங்களுக்கு ஒரு வேண்டுகோள்: தாளை யூனிகோடில் அடிங்க. அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு வரியை நகல் எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்க. தமிழாவே வந்தா எங்களுக்கும் தமிழாக் கேட்கும்.

15 ஜூன் 2025

இது வரைக்கும் நான் கண் பத்தியே பேசிட்டு இருந்தேன். கரிகிரியிலிருந்து ஒரு பெரியவர் தன் பேரனை விட்டு எழுதியிருக்கார். தொழுநோய் குணமாகிப் பல வருஷம் ஆச்சு, விரல் நுனியில் உணர்ச்சி இல்லை, சில விரல் குறுகிப் போச்சு. போனில் கைரேகை வைக்கச் சொன்னா எடுக்கறதில்லை. திரையை விரல் முட்டியால் தட்டறார், சில நேரம் எடுக்குது, சில நேரம் இல்லை. சார்ஜ் ஏறும்போது போன் சுடுதான்னு அவருக்குத் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

இதைப் படிச்ச பிறகு வேறெதுவும் எழுதத் தோணலை. உணர்ச்சி இல்லாத கைக்குச் சூடு எவ்வளவு ஆபத்துன்னு நம்ம மாவட்டத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். டாக்டர் பால் பிராண்ட் மடங்கிப் போன விரல்களுக்கு 1940களின் கடைசியில் அறுவை சிகிச்சை ஆரம்பிச்சது வேலூரில். 1954ல் விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகு, டாக்டர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே அந்தக் கைகளுக்கு அறுவை சிகிச்சை பண்ணினாங்க. பாகாயத்து மறுவாழ்வு மையத்துக்கு அடித்தளம் போட்டவங்களும் அவங்கதான். இப்படிப்பட்ட ஊரில் விக்கற போன் பெட்டியில் "இந்தக் கருவி சார்ஜ் ஏறும்போது சூடாகும், தொடு உணர்ச்சி குறைந்தவர்கள் துணி அல்லது உறை போட்டுப் பிடிக்கவும்"னு ஒரு வரி போட என்ன செலவாகும்?

16 ஜூன் 2025

"எல்லா விதமான உடம்புக்கும் ஒவ்வொரு வரி எழுதினா பெட்டி பத்தாது"ன்னு ஒருத்தர் சொல்லியிருக்கார். நியாயமான கேள்வி. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்திலேயே 21 வகை இருக்கு. ஆனா வகையை வெச்சு எழுத வேண்டாம், என்ன செய்ய முடியலைங்கறதை வெச்சு எழுதலாம். ஐரோப்பாவின் இஎன் 301 549 தரம் அப்படித்தான் பிரிக்குது: பார்க்காமல், குறைந்த பார்வையோட, நிறம் தெரியாமல், கேட்காமல், பேசாமல், கைப்பலம் குறைவா, எட்டாத நிலையில். ஒரு பக்கத்தில் அடங்கிடும். அதே தரத்தில் 5.3னு ஒரு பிரிவு: ஆளை அடையாளம் காண ஒரே ஒரு உடல் அடையாளத்தை மட்டும் நம்பக் கூடாது. நம்ம இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 17802, 2021லயும் 2022லயும் ரெண்டு பாகமா வந்தது, அதை ஒட்டி எழுதினதுதான்.

கைரேகை பிரச்சினை பெரியவருக்கு மட்டும் இல்லை. பேர்ணாம்பட்டில் பீடி சுத்தி ரேகை தேய்ஞ்ச பெண்கள், ஆம்பூர் பக்கம் தோல் பதனிடற இடத்தில் சுண்ணாம்பிலும் ரசாயனத்திலும் கை வெச்சவங்க, யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. "கைரேகை எடுக்கலைன்னா கருவிழி, இல்லைன்னா ரகசிய எண், இப்படி மாத்திக்கலாம்"னு கருவி விக்கறவங்க முதல் பக்கத்திலேயே எழுதினா, அதை இயக்கற ஊழியரும் "ரேகை விழலை, நாளைக்கு வா"ன்னு திருப்பி அனுப்ப மாட்டார்.

22 ஜூன் 2025

காது கேளாத தையல்காரர் ஒருத்தரோட தங்கச்சி எழுதினது: அண்ணன் வாங்கின போனில் வசனம் எழுத்தா வர்ற வசதி இருக்காம், அதை எப்படித் திறக்கறதுன்னு விளக்கற கம்பெனி வீடியோவில் எழுத்தே இல்லை. உதவிக்குக் குடுத்திருக்கறது ஒரு போன் நம்பர் மட்டும்.

இதுக்கு விளக்கமே வேண்டாம். தொடர்புக்கு போன், வாட்ஸ்அப், மின்னஞ்சல் மூணும் குடுங்க. அந்தப் பக்கம் பதில் சொல்ற ஆளுக்கு டாக்பேக்னா என்ன, வசன வரின்னா என்னன்னு தெரிஞ்சிருக்கணும். எத்தனை நாளில் பதில் வரும்னும் எழுதுங்க.

29 ஜூன் 2025

நேத்துலேர்ந்து ஐரோப்பிய ஒன்றியத்தில், பொருளையும் சேவையையும் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடியணும்னு சொல்ற அணுகல் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கு. கணினி, போன், ஏடிஎம், டிக்கெட் இயந்திரம், மின்னூல், இணையக் கடை, வங்கிச் சேவை எல்லாம் அதுக்குள்ளே வருது. இந்த இழைக்குச் சம்பந்தமான விஷயம் என்னன்னா, கருவி மேல இருக்கற குறிப்பும் எச்சரிக்கையும் ஒரே புலனை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. கண்ணால் படிக்கறதோட காதாலோ விரலாலோ தெரிஞ்சுக்கவும் வழி வேணும்.

ஆக, அங்கே விக்கறதுக்காக இந்தத் தகவலையெல்லாம் கம்பெனி ஏற்கனவே எழுதியாச்சு. அதே மாடல் வேலூர் ஆபீசர்ஸ் லைன் கடையிலும் இருக்கு. "ஐரோப்பாவுக்குக் குடுத்த அணுகல் தகவலை எங்களுக்கும் குடுங்க"ன்னு மின்னஞ்சல் போடுங்க. நான் போட்டதில் சிலர் உடனே அனுப்பினாங்க, சிலர் வாரன்டி விவரம் அனுப்பினாங்க. பெரிய கம்பெனிகளின் விபேட் அறிக்கை பலதும் இணையத்திலேயே இருக்கு, மாடல் பேரோட தேடினா கிடைக்கும்.

6 ஜூலை 2025

சட்டம் பத்திப் பல பேர் கேட்டதால், தெரிஞ்சதை ஒரே இடத்தில் போடறேன்.

2024 நவம்பர் 8ல் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகளை வெறும் பரிந்துரையா வெச்சிருந்த, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் விதிகளின் 15(1)ஆம் விதி அந்த 2016 சட்டத்துக்கே எதிரானதுன்னு சொல்லி, கட்டாய விதிகளை உருவாக்கச் சொன்னது. 2025 ஏப்ரல் 30ல் இன்னொரு தீர்ப்பு. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணால் வங்கிக் கணக்குக்குக் கண் சிமிட்டிக் காட்ட முடியலைங்கற வழக்கு. டிஜிட்டல் சேவை கிடைக்கறது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவின் கீழ் வாழும் உரிமையின் பகுதின்னு சொல்லி, கண் சிமிட்டறதைத் தவிர வேற வழியும் வைக்கச் சொன்னாங்க. எழுதினவர் நீதிபதி ஆர்.மகாதேவன், நம்ம சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தவர்.

பொருள் வாங்கி ஏமாந்தவங்களுக்கு இன்னொரு வழி இருக்கு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், திரும்பப் பண்ணினா 50 லட்சம் வரை. கம்பெனி எங்கே இருந்தாலும் நீங்க வசிக்கற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் குடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. அதனால் "முழுமையாக ஏற்றது"ங்கற அந்தப் பக்கத்தைத் தேதியோட படம் எடுத்து வெச்சுக்கோங்க, பில்லோட சேர்த்து.

13 ஜூலை 2025

முந்தின குறிப்பைத் திரும்பப் படிச்சப்ப ஒரு பயம். அபராதம், புகார்னு கேட்டதும் சின்னக் கம்பெனிகள் எதையும் எழுதாமலே விட்டுட்டா? "இது முடியாது"ன்னு எழுதினா அதையே பிடிச்சு வழக்குப் போடுவாங்களோன்னு வக்கீல் தடுப்பார். சத்துவாச்சாரியில் பில்லிங் மென்பொருள் பண்ற ஒரு பையன் இதையே எனக்குத் தனியா எழுதிக் கேட்டான்.

தம்பி, குறையை எழுதினவங்க மேல யாரும் புகார் குடுத்து நான் பார்த்ததில்லை. இல்லாததை இருக்குன்னு சொன்னவங்க மேலதான் எங்களுக்குக் கோபம். உன்னிடம் நாலு பேர்தான் வேலை பார்க்கறாங்கன்னா விபேட் வேண்டாம், ஒரு பக்கம் போதும். "இந்தத் தேதியில், இந்தப் பதிப்பை, என்விடிஏவோட, பார்வையற்ற ஒருத்தரை உட்கார வெச்சு ஓட்டினோம். பில் போடலாம். இருப்புப் பட்டியல் படிக்க முடியலை. வரைபடம் எதுவும் படிக்காது. சரி பண்ணிட்டு இருக்கோம். இந்த நம்பருக்குச் சொல்லுங்க." அந்த ஒருத்தருக்குக் கூலி குடுத்துடு, இலவசமா கூப்பிடாதே.

லாங் பஜார் பக்கம் ஒரு மொபைல் கடையில் வேலை பார்க்கற பையன் இருக்கான். நான் போனா பெட்டியைப் பிரிச்சு டாக்பேக்கை ஆன் பண்ணிக் கையில் குடுத்துட்டு, "அண்ணா, இது தமிழ் நல்லா பேசுது, ஆனா இந்தக் கம்பெனி கேமராவில் பட்டன் பேர் சொல்லாது. விரல்ரேகை பின்னாடி இருக்கு, தடவினா தெரியும். அந்த மாடல்ல திரைக்குள்ளே இருக்கு, உங்களுக்கு இடம் பிடிபடாது"ன்னுவான். யாரும் அவனுக்குப் பயிற்சி குடுக்கலை. எங்களை மாதிரி ஆளுங்க வந்து வந்து கேட்டதில் கத்துக்கிட்டான். ஒரு கம்பெனி தன் விளம்பரத்தில் எழுத வேண்டியது அவன் சொல்ற அந்த மூணு வரிதான்.

20 ஜூலை 2025

அப்டேட் பத்தி யாருமே பேசலை. நேத்து வரை ஓடின ஆப் காலையில் ஒவ்வொரு பட்டனுக்கும் "பெயரிடப்படாதது, பட்டன்"னு சொல்ல ஆரம்பிக்கும். என்ன மாறுச்சுன்னு பார்த்தா "பிழைகள் சரிசெய்யப்பட்டன"ன்னு மட்டும் இருக்கும். பணம் அனுப்பற ஆப்பில் இது நடந்தா அந்த மாசம் வாடகை குடுக்க இன்னொருத்தரிடம் ரகசிய எண்ணைச் சொல்லணும். தொகையைத் தப்பா கேட்டுட்டமோங்கற பயம் வேற. மாத்தறதுக்கு முன்னாடி சொல்லுங்க, பழைய பதிப்பில் கொஞ்ச நாள் இருக்க விடுங்க.

வெப்சைட்டில் ஒரு வரி நிரலை ஒட்டினா எல்லாம் சரியாயிடும்னு விக்கறவங்களைப் பத்தியும் கேட்டிருந்தீங்க. அப்படி விளம்பரம் பண்ணின ஆக்சசிபீங்கற கம்பெனியை 2025இல் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 10 லட்சம் டாலர் கட்ட வெச்சது. அந்த நிரலை ஒட்டினா பக்கத்து ஓரத்தில் ஒரு பட்டன் மிதக்கும், அது இருக்கற தளத்தில் எனக்கு முதல் வேலை அதை மூடறதுதான்.

2 ஆகஸ்ட் 2025

திருவலத்திலிருந்து ஒரு அக்கா இண்டக்ஷன் அடுப்பு பத்திக் கேட்டிருக்காங்க. பார்வை இல்லை, தனியா சமைக்கறாங்க. வாஷிங் மெஷினில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிப் பழக்கம், அடுப்பிலும் ஒட்டலாமான்னு.

அக்கா, வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. அழுத்தினா லேசா உள்ளே போற பட்டன்னா பொட்டு ஒட்டலாம், தடவிக் கண்டுபிடிச்சு அப்புறம் அழுத்தலாம். கண்ணாடி மேல விரல் பட்டாலே வேலை செய்யற வகைன்னா பொட்டைத் தேடற விரலே அடுப்பை ஏத்தி இறக்கிடும், அது வேண்டவே வேண்டாம். பெட்டியில் இந்த வித்தியாசம் தெளிவா இருக்காது, "ஸ்டைலிஷ் டச் பேனல்"னு மட்டும் இருக்கும். திருகு வெச்ச மாடல் இருந்தா இன்னும் நல்லது, எத்தனை கிளிக் திருப்பினோம்னு கையே சொல்லும். ஒவ்வொரு அளவுக்கும் பீப் சத்தம் மாறுதான்னும் கேளுங்க, எல்லாத்துக்கும் ஒரே பீப்னா கூட்டினோமா குறைச்சோமான்னு தெரியாது.

தோட்டப்பாளையத்தில் ஒரு கடைக்காரர் அழுத்தற பட்டன் மாடல் இன்னும் வருதுங்கறார். சனிக்கிழமை போய்த் தடவிப் பார்த்துட்டு மாடல் பேரும் விலையும் இங்கேயே எழுதறேன்.